கொத்மலை நீரும் மலைநாட்டின் சுதேச விருட்சங்களும்



கொத்மலையில் நின்று காட்டைப் பற்றிப் பேசப் புகுந்தால் நீரிலிருந்து தொடங்குவதுதான் கிரமம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுவீடன் தேசத்தின் உதவியோடு 1979ஆம் ஆண்டளவில் தொடங்கி 1985இல் நிறைவுபெற்ற இவ்வூர் அணை 87 மீற்றர் உயரமும் 600 மீற்றர் நீளமும் உடையது. அதன் நீர்மின் நிலையம் 201 மெகாவாட் மின்சாரத்தை உற்பத்திசெய்ய வல்லது. அந்த நீர் நிற்பதற்காக ஒரு பள்ளத்தாக்கு முழுவதும், அதன் வயல்களோடும் வீடுகளோடும் கோயில்களோடும், தன் இடத்தை விட்டுக்கொடுத்தது. வறட்சிக் காலங்களில் நீர்மட்டம் தாழும்போது கடதொர விகாரையின் சிதைவுகள் வெளியே தெரிவதை இங்குள்ளோர் அறிவார்கள். இத்தனை விலை கொடுத்துத் தேக்கிய நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நாம் அடிக்கடி கேட்டுக்கொள்வதில்லை. மழையிலிருந்து வருகிறது என்பது பாதி விடை. மழை பெய்யாத வாரங்களிலும் கொத்மலை ஓயா என்னும் ஆற்றில் நீர் ஓடுகிறதே, அது எங்கே ஒதுங்கியிருந்து, யாருடைய தயவால் சிறுகச் சிறுக இறங்கி வருகிறது என்று தேடிக்கொண்டு மேலே ஏறினால், தலவாக்கலையையும் அக்கரப்பத்தனையையும் கடந்து, கடைசியில் ஹோர்ட்டன் சமவெளியின் குட்டை மரக்காட்டிலும் புல்வெளியிலும் போய் நிற்போம். கொத்மலை ஓயாவுக்கு மாத்திரமன்று. களனிக்கும் வளவைக்கும் நீர் கொடுக்கும் ஊற்றுக்கண்களும் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட அந்தச் சமவெளியிலும் அதன் சாரல்களிலுமே இருக்கின்றன. 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக் குடாவிலே கலக்கும் மகாவலிக்குத் தலைநீர் தருவதும் அதுவே.

ஆகவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இந்த மலைநாட்டுக்குச் சுதேசமான தாவர வர்க்கம், அது நடத்தும் வாழ்க்கை, அதில் மிஞ்சியிருப்பதைக் காக்கும் வழி என்பனவாகும். பரந்த கண்டங்களின் தாவரங்களைப் பற்றித் தாவர சாஸ்திரிகள் பெரிய நூல்களை எழுதியிருக்கிறார்கள். நமது தீவோ பரப்பால் சிறியது. ஆயினும் அதன் நடுவில் எழுந்து நிற்கும் மலைத்தொகுதி ஒரு கண்டத்துக்கு உரிய வரலாற்றைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. இலங்கையில் இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் ஏறத்தாழ 3,000 இனங்கள். அவற்றுள் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அப்படி இலங்கைக்கே உரிய இனங்களில் சுமார் பாதி இந்த மத்திய மலைகளின் மழைக்காட்டையும் அதனை அடுத்த புல்வெளிகளையும் விட்டு வெளியே வாழ்வதில்லை. 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் சிவனொளிபாத மலை வனத்தையும், ஹோர்ட்டன் சமவெளியையும், நக்கிள்ஸ் மலைத்தொடரையும் ஒருங்கே உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அந்தக் காட்டின் சுபாவத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். சிங்கராஜ வனத்தில் நிமிர்ந்து வானளாவும் மரங்களைக் கண்டவர் ஒருவர் நுவரெலியாவுக்கு மேலுள்ள காட்டுக்குள் முதன்முறை நுழைந்தால், இது வளர்ச்சி குன்றிய காடு என்று தவறாக எண்ணிவிடக்கூடும். மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகின்றன. காற்று நேரே வந்து மோதும் முகடுகளில் ஆளுயரத்துக்குச் சற்று மேலே வளர்ந்து, கிளைகள் முறுகி, முடி குடைபோலப் பரந்து நிற்கின்றன. சிங்களத்தில் கீன என வழங்கும் மரமும், காட்டுச் செண்பகமும், நாவல் இனத்தைச் சேர்ந்த பலவகை மரங்களும், காட்டுக் கறுவா இனங்களும் அங்கே நெருங்கி நிற்கின்றன. இலைகள் சிறுத்து, தடித்து, தோல்போல இருப்பது கடுங்காற்றையும் கடும் வெயிலையும் இரவின் குளிரையும் ஒரே நாளில் தாங்குவதற்காக. அடிமரம் முதல் நுனிக்கிளை வரை பாசியும், பன்னங்களும், சிறிய ஓர்க்கிட்டுகளும் போர்த்தியிருக்கின்றன. இந்தப் போர்வையே காட்டின் ஜீவநாடி. பருவக்காற்று கொண்டுவரும் மேகம் மலையில் தவழும்போது அதிலுள்ள நுண்துளிகள் மழையாக விழாமலே கடந்துபோய்விடக்கூடியவை. அவற்றை இலையும் கிளையும் பாசியும் வழிமறித்துச் சேர்த்து, துளித்துளியாகச் சொட்டவைத்து, கீழேயுள்ள கருநிற மக்கு மண்ணுக்குக் கொடுக்கின்றன. மழைமானியில் பதியாத இந்த வருவாய்தான் மழையற்ற நாட்களிலும் ஊற்றுகளை உயிரோடு வைத்திருக்கிறது. மரத்தை வெட்டிவிட்டால் மேகம் வருவது நின்றுவிடாது. அது நீரை இறக்கிவைக்காமல் போய்விடும்.

காட்டின் அடியில் நெலு என்னும் செடிகள் புதராக மண்டியிருக்கும். நீலகிரியில் குறிஞ்சி என்று போற்றப்படும் செடியின் நெருங்கிய உறவுகள் இவை. இவற்றுட் சில இனங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் போன்ற நீண்ட காலம் இலையும் தண்டுமாகவே வாழ்ந்திருந்து, பின்னர் மலைச்சரிவு முழுவதும் ஒருங்கே பூத்து, விதை உதிர்த்து, ஒருங்கே மடிகின்றன. அந்த ஆண்டில் தேனீக்கள் திரளும். விதை உண்ணக் காட்டுக்கோழிகள் கூடும். அடுத்த மழையில் நாற்றுகள் விரித்த பாய்போல எழும். இப்படி நீண்ட கணக்கில் வாழ்வு நடத்தும் செடிக்கு, விதை முற்றுவதற்கு முன்னே ஒருமுறை நெருப்பு வைத்துவிட்டால், அந்தச் சரிவில் அதன் வம்சமே அற்றுப்போகக் கூடும்.

இனிப் புல்வெளி. பத்தனை என்று நாம் சொல்லும் இந்தப் புல்நிலத்தைப் பாழ்நிலம் என்று கருதும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்துக் காணிப் பதிவேடுகளிலிருந்து நமது மனத்துக்குள் புகுந்துவிட்டது. ஊவாப் பக்கத்தின் வறண்ட பத்தனைகளில் மானாப்புல் ஆட்சி செய்கிறது. உயரத்திலுள்ள ஈரப் பத்தனையிலோ வேறு வகைப் புற்கள் திண்டு திண்டாக வளர்ந்து, இடையிடையே குட்டை மூங்கிலும் சிறுசிறு மலர்ச்செடிகளும் விரவ, அடியிலே கரிய சதுப்பு மண் நீரை ஏந்திக்கொண்டிருக்கிறது. தை மாசி இரவுகளில் அங்கே உறைபனி விழுவதுண்டு. இப்புல்வெளிகள் இயற்கையாகவே அமைந்தவையா, மனிதன் வைத்த நெருப்பால் காடு அழிந்து உண்டானவையா என்று பியர்சன் என்னும் தாவர அறிஞர் 1899இல் எழுதிய காலந்தொட்டு விவாதம் நடந்துவருகிறது. சதுப்பு மண்ணின் அடுக்குகளில் படிந்த மகரந்தத் துகள்களை எடுத்துப் பிற்கால அறிஞர் ஆராய்ந்தபோது, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை வெளிப்பட்டது; பூமி குளிர்ந்து பருவமழை மெலிந்திருந்த காலங்களில் புல் பரந்தது, மழை வலுத்தபோது காடு பரந்தது. எனது அபிப்பிராயம், தோற்றம் எதுவாயினும் ஈரப் பத்தனை இன்று ஒரு பூரணமான உயிர்ச்சமூகம் என்பதே. அதைக் காலி நிலம் என்று எண்ணி மரம் நட்டு நிரப்புவது, காட்டை வெட்டுவதற்குச் சற்றும் குறையாத நஷ்டம்.

ஒரு மரத்தைப் பற்றி மாத்திரம் இங்கே தனியாகச் சொல்ல விரும்புகிறேன். மகாரத்மல் என்று சிங்கள மக்கள் அழைக்கும் செம்பூ மரம் ரொடோடென்ட்ரன் குலத்தைச் சேர்ந்தது. பத்தனையின் விளிம்பில், தடித்த பட்டையோடும் கோணிய கிளைகளோடும், இரத்தச் சிவப்பான பூங்கொத்துகளோடும் நிற்கும். இதே இனம் இமயமலையில் உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் உண்டு. அங்கெல்லாம் சிறிது சிறிது வேறுபட்ட உப இனங்களாக வளர்கிறது. இமயத்துக்கும் நீலகிரிக்கும் இடையிலே இரண்டாயிரம் கிலோமீற்றர் வெப்பச் சமவெளி. நீலகிரிக்கும் நமக்கும் இடையிலே தாழ்நிலமும் கடலும். குளிர்நாட்டு மரம் இவற்றைத் தாண்டியது எவ்வாறு? பனியுகங்களில் சீதோஷ்ணம் தணிந்து, கடல் தாழ்ந்து, இலங்கை பாரதத்தோடு நிலத்தால் இணைந்திருந்த காலங்களில் குளிர்நிலத் தாவரங்கள் கீழே இறங்கிப் பரந்தன. பூமி மீண்டும் வெப்பமடைந்தபோது அவை அந்தந்த மலைகளில் ஏறி ஒதுங்கிக்கொண்டன என்பது அறிஞர் கொள்கை. இன்று பூமி மேலும் வெப்பமடைகிறது. ஹோர்ட்டன் சமவெளிக்கு மேல் அவை ஏறிப்போக, 2,388 மீற்றர் உயரமுள்ள கிரிகல்பொத்தையையும் 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலையையும் போன்ற சில சிகரங்களைத் தவிர வேறிடம் இல்லை.

இந்த வனம் எப்படிச் சுருங்கியது என்பதை நமது மக்கள் முன்னிலையில் சொல்லும்போது கவனமாகச் சொல்லவேண்டும். ஏனெனில் அந்த வரலாற்றில் நமது முன்னோர் இருக்கிறார்கள். 1820களில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கினார்; தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் அதற்குப் பலவகையிலும் ஊக்கமளித்தார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று ஊகிக்க இடங்கொடுத்தது. ஏக்கர் ஒன்று ஐந்து ஷில்லிங் வீதம் மலைகள் விற்கப்பட்டன. 1844இல்தான் அவ்விலை இருபது ஷில்லிங்காக உயர்ந்தது. வாங்கியவர்களில் குடியேற்ற அரசின் உத்தியோகஸ்தர்களும் படை அதிகாரிகளும் இருந்தார்கள். அவர்களுக்காகக் காட்டை வெட்டியவர் சுற்றுப்புறச் சிங்களக் கிராமத்தவரும், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்த தமிழகத்து ஏழைகளுமே.

வெட்டிய முறையை அக்காலத்தவர் பலர் விவரித்திருக்கிறார்கள். சரிவின் அடியிலிருந்து தொடங்கி மேலே போகப்போக ஒவ்வொரு மரத்தையும் பாதி அளவுக்கு வெட்டிவைப்பார்கள், ஒன்றையும் வீழ்த்தமாட்டார்கள். கடைசியில் முகட்டிலுள்ள பெருமரங்களை மாத்திரம் முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழேயுள்ளவற்றின்மேல் விழ, கொடிகளால் பின்னப்பட்ட காடு முழுவதும் இடிமுழக்கம் போன்ற ஓசையோடு வரிசை வரிசையாகச் சரிந்து, சில நிமிஷங்களில் ஒரு மலைப்பக்கம் வெறுமையாகிவிடும். பின்னர் சில வாரம் காயவிட்டு நெருப்பு. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளில் சேர்ந்த மக்கு மண் அந்த நெருப்பில் வெந்தது. மிஞ்சியதை அடுத்த பருவமழை அடித்துக்கொண்டுபோனது. பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த துவெய்ற்ஸ் இலங்கைத் தாவரங்களை வரிசைப்படுத்தி நூல் வெளியிட்டது 1858 முதல் 1864 வரையான ஆண்டுகளில். அதாவது, ஒரு கை பெயர் எழுதிக்கொண்டிருக்கையில் மறு கை வெட்டிக்கொண்டிருந்தது. பெயர் பெறாமலே எரிந்துபோனவை எத்தனையோ, யாரே அறிவார்!

கோடரி பிடித்த கை நமது முன்னோருடையதாக இருந்திருக்கலாம். மலையை அளந்து, கோடு கிழித்து, விலைபேசியவர்கள் அவர்கள் அல்லர். அந்தக் காட்டில் அட்டைக்கடியும் குளிரும் காய்ச்சலும் அவர்கள் பங்காயின. விளைச்சல் வேறு தேசத்துக்குப் போனது. மலைநாட்டுக் காடழிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிலர், தோட்டத் தொழிலாளரையே அதன் காரணர்போலப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். அது வரலாற்றுக்கு ஒவ்வாதது. காட்டைக் காக்கும் முயற்சிக்கும் ஊறு செய்வது.

1869இல் கோப்பி இலையில் பூஞ்சண நோய் தோன்றியது. அதன் வாழ்க்கையை ஆராய்வதற்காக 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கிலாந்திலிருந்து வந்தார். மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய்க்கு வழிவிட்டது என்று அவர் காட்டினார். கோப்பி மடிந்தது. அதற்கு மாற்றாக நட்ட சிங்கோனா சில ஆண்டு கொழித்துத் தணிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலை, கோப்பி நின்ற நிலத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு இன்னும் உயரத்துக்கு ஏறியது. ஆனால் வார்ட் காட்டிய பாடத்தை அன்று நில உடைமையாளர் கருத்திலே கொள்ளவில்லை. ஒரே பயிரை அகற்றி இன்னொரு ஒரே பயிரை நட்டார்கள்; போதாததற்குச் சுரண்டி கொண்டு புல்பூண்டு ஒன்றில்லாமல் மண்ணை வழித்து வைப்பதே நல்ல தோட்டத்தின் இலட்சணம் என்று நீண்ட காலம் கொண்டாடினார்கள். விதைத் தேயிலை மலைகளில் இன்று வேர் வெளியே தெரிய நிற்கும் பழஞ்செடிகளைப் பாருங்கள்; ஒரு காலத்தில் மண் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு அவையே பிரத்தியட்சப் பிரமாணம். மண்ணரிப்பைப் பற்றி அரசாங்கம் குழு அமைத்து அறிக்கை வாங்கியது 1931இல்; மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1951இல். கான் என்னும் வடிகால் வெட்டுவதும், கல்வரிசை கட்டுவதும், மறுநடுகைக்கு முன்னே குவாத்தமாலாப் புல்லோ மானாப்புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றுவதும் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் போதனையால் வழக்கத்துக்கு வந்தன. அந்தப் பணி போற்றத்தக்கது.

கோப்பிக்காகக் காடு எரிந்த அந்த இருண்ட காலத்திலும் விவேகமான ஒரு குரல் எழுந்தது. இங்கிலாந்தின் கியூ தாவரப் பூங்காவின் அதிபர் ஜோசப் ஹூக்கர், 1873ஆம் ஆண்டில், இலங்கையில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்ட இடங்கொடுக்கலாகாது என்று அறிவுறுத்தினார். அரசாங்கமும் அவ்வாறே கட்டளையிட்டது. அந்த உயரத்துக்கு மேலே ஏற்கெனவே விற்கப்பட்ட நிலங்கள் தோட்டங்களாகவே நீடித்தன என்றாலும், பீதுருதாலகாலையிலும் ஹக்கலையிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் இன்று காடு என்று சொல்ல ஏதேனும் எஞ்சியிருப்பதற்கு அந்தக் கட்டளைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பின்னர் 1885இல் வனக் கட்டளைச்சட்டமும், 1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் வந்தன. 1988இல் ஹோர்ட்டன் சமவெளி தேசிய வனமாயிற்று. அதற்கு முன்னே அச்சமவெளியில் விதை உருளைக்கிழங்குப் பண்ணை நடத்தப்பட்டு, 1977இல் கைவிடப்பட்டது. உழுத இடங்களில் பழைய பத்தனைப் புல் இன்றளவும் முன்போலத் திரும்பவில்லை.

காட்டை வெட்டியவர்கள் மரமே வேண்டாம் என்று இருந்துவிடவில்லை. விறகும் நிழலும் காற்றுத்தடுப்பும் வேண்டியிருந்தன. ஆகவே வேறு கண்டத்து மரங்களை வரவழைத்தார்கள். நாம் சவுக்கு என்று சொல்லும் கிரெவிலியாவும், டர்பன்டைன் என்று தோட்டங்களில் வழங்கும் யூக்கலிப்டஸ் வகைகளும், வாட்டில் மரங்களும் அவுஸ்திரேலியக் கண்டத்தின் சுதேச விருட்சங்கள். அங்கே அவை தமக்குரிய பறவைகளோடும் பூச்சிகளோடும் நெருப்போடும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழகி, அக்கண்டத்தின் மண்ணுக்கு ஏற்பத் தம்மை அமைத்துக்கொண்டவை. அவற்றின் இயற்கைக் காடுகள் மேய்ச்சலுக்கும் கோதுமைக்கும் அழிக்கப்பட்டதால், மிச்சத்தைக் காக்க அந்நாட்டார் இன்று பெரும் பிரயத்தனம் செய்கிறார்கள். மரம் அதே மரம். அங்கே அது ஒரு குடும்பத்தின் நடுவில் நிற்கிறது, இங்கே தனியாக நிற்கிறது. இதைச் சொல்வதால் சவுக்கு மரத்தை நான் தூஷிப்பதாக எண்ணவேண்டாம். தேயிலைக்கு நிழலும், காற்றுக்குத் தடையும், நமது வீடுகளுக்குப் பலகையும் அது கொடுத்திருக்கிறது. விறகுக்கு யூக்கலிப்டஸ் இல்லாதிருந்தால் கொழுந்து உலர்த்தும் அடுப்புகள் எஞ்சியிருந்த காட்டையும் விழுங்கியிருக்கும். நான் சொல்வது ஒன்றே: நீரூற்றின் தலையிலும் ஓடையின் கரையிலும் அவற்றை நிறுத்தி வைத்துவிட்டு, அதற்குக் காடு என்று பெயர் கொடுக்கலாகாது. விரைந்து வளரும் மரம் விரைந்து நீர் குடிக்கும். ஊற்றுநீர் வரும் பீலியில் நீர் மெலிந்துபோனதை, அதற்கு மேலே என்ன நட்டார்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்த மூத்த தொழிலாளர் பலர் இந்தச் சபையில் இருக்கிறார்கள்.

பைன் மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அமெரிக்காவையும் கரிபியன் தீவுகளையும் சேர்ந்த இம்மரத்தை, 1970களிலும் அதையடுத்தும், சீர்குலைந்த மலைச்சரிவுகளில் வனபரிபாலனத் திணைக்களம் பரவலாக நட்டது. கீழே உதிரும் ஊசியிலைப் பாயில் வேறு செடி எழுவது அருமை. கோடையில் ஒரு தீக்குச்சி போதும். இதை அறிந்து, பைன் தோப்புகளையெல்லாம் ஒருங்கே வெட்டிவிட வேண்டும் என்று பலர் கோபத்தோடு சொல்கிறார்கள். ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் குணதிலக்க தம்பதியினரும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அறிஞர்களும் சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் செய்துகாட்டிய பரிசோதனை வேறு வழியைக் காட்டுகிறது. பைன் வரிசைகளில் மூன்றை அகற்றி, அந்த இடைவெளியில் சுதேச மழைக்காட்டு மரங்களின் கன்றுகளை நட்டார்கள். திறந்த வெளியில் வெயில் தாங்காமல் வாடக்கூடிய அந்தக் கன்றுகள், பைன் கொடுத்த அரைநிழலில் நன்றாக எழுந்தன. அந்நிய மரமே செவிலியாக நின்று சுதேச மரத்தை வளர்த்துவிட்டது! மலைநாட்டில் பைனும் யூக்கலிப்டஸும் நிற்கும் சரிவுகளில், அந்தந்த உயரத்துக்கு உரிய மரங்களைக் கொண்டு இதே முறையைக் கையாளலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை.

எஞ்சிய காடும் சுகமாக இல்லை. ஹோர்ட்டன் சமவெளியிலும் தொட்டுபொல மலையிலும் 1970களின் பிற்பகுதி முதல் மரங்கள் முடியிலிருந்து கீழ்நோக்கிப் பட்டுப்போகின்றன. கீன மரமும் நாவல் இனங்களும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டுள்ளன. வறட்சியா, காற்றோடு வரும் மாசா, மண்ணின் குறைபாடா என்று ஆராய்ச்சியாளர் பலவாறு கூறுகிறார்கள். ஒரே காரணத்தால் அன்றிப் பல சேர்ந்து வந்த கேடு என்றே கொள்ளத் தோன்றுகிறது. மரம் பட்ட இடைவெளியில் வெயில் புகுந்து, புல்லும் புதரும் ஏறி, நாற்று எழாமல் செய்கின்றன. ஐரோப்பாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்த மஞ்சள் பூப்பூக்கும் முட்புதரான யூலெக்ஸ் பத்தனையில் பரவி நிற்கிறது. மாணவரும் தொண்டரும் சென்று அதை வேரோடு களையும் பணி நடந்துவருகிறது. கீழேயோ, 1826இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுக்காக வந்த லந்தானா, கைவிட்ட தேயிலை மலைகளையெல்லாம் மூடிக்கொண்டது. மாசி பங்குனியில் மானாப்புல் சரிவுகளுக்கு ஆண்டுதோறும் நெருப்பு வைக்கப்படுகிறது. வேட்டைக்காகவும், மாட்டுக்கு இளம்புல்லுக்காகவும், சில சமயம் காரணமே இன்றியும் அது மூட்டப்படுகிறது. ஒவ்வொரு நெருப்பும் காட்டின் விளிம்பை ஒரு முழம் மேலே தள்ளிவிடுகிறது.

இவ்வளவும் சொன்னபின், நம்மால் ஆவது என்ன என்பதற்கு வருகிறேன். மலை உச்சியிலுள்ள வனம் திணைக்களங்களின் பொறுப்பு. அந்த வனத்துக்கும் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கும் நடுவே கிடப்பவை தோட்டங்கள். ஓயாவில் வந்து சேரும் ஒவ்வொரு துளியும் யாரோ ஒருவருடைய தேயிலை மலையைக் கடந்தே வருகிறது. இத்தோட்டங்களுக்குள்ளே முகடுகளிலும், பாறைச் செறிவுகளிலும், இரு மலைக்கு நடுவேயுள்ள ஆழ்ந்த ஓடைகளிலும் பயிருக்கு உதவாதென்று விட்டுவைத்த பழங்காட்டுத் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் சிறுத்தைகளை ஆராய்ந்தவர்கள், அவை இத்தகைய துண்டுகளையும் ஓடைக்கரைகளையும் பற்றிக்கொண்டே தேயிலையின் நடுவே வாழ்ந்துவருவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு சிறுத்தைக்கு வழிவிடும் ஓடைக்கரை, பழம் தின்னும் பறவைக்கும் வழிவிடும். பறவை வந்தால் விதை வரும். ஆகவே, நட்டால் முதலில் ஓடைக்கரையில் நடவேண்டும். துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்கும்படி நடவேண்டும். அந்தந்த உயரத்துக்கு உரிய மரத்தையே நடவேண்டும். மரம் நடும் தினத்தில் லொறியில் வந்திறங்கும் கன்று எந்த ஊர்க் கன்று என்று கேட்க நமது பிள்ளைகள் பழகவேண்டும்.

இந்தப் பணியை யார் செய்வது? 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கைமாறல் ஒவ்வொன்றிலும் மலையும் மாறவில்லை, மலையில் உழைப்பவரும் மாறவில்லை. எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும், எந்தச் சரிவு மழையில் வெடிக்கும், எந்த மரத்தின் பழத்துக்கு எந்தப் பறவை வரும் என்பதையெல்லாம் அறிந்தவர் கொழுந்து பறிக்கும் பெண்களும் கான் வெட்டும் ஆண்களுமே. 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. சரிவின் அடியில் வாழ்பவர் சொல்லைச் செவிமடுக்கும் ஏற்பாடு இருக்கவேண்டும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மலையை இப்படி அறிந்த தொழிலாளரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. பிரஜாவுரிமை திரும்பிய பின்னும் அவர்களிற் பெரும்பாலோர் தம் பெயரில் ஒரு பேர்ச் காணி இல்லாமல் லயத்திலேயே வாழ்கிறார்கள். பத்து ஆண்டு, இருபது ஆண்டு பொறுத்துப் பலன் தரும் மரத்தை நடுகிறவனுக்கு, நாளை அந்த இடத்தில் தான் இருப்போம் என்ற நிச்சயம் வேண்டும். காணியுரிமைக் கோரிக்கையும் காட்டுப் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று கூறுவாரை நான் மறுக்கிறேன். வீட்டைச் சுற்றிச் சிறிது நிலமுள்ள குடும்பம் அதில் பலாவும் ஆனைக்கொய்யாவும் விறகுக்குக் கொஞ்சம் மரமும் வளர்த்துக்கொள்ளும். விறகுக்கட்டுக்காகக் காட்டோரம் போகவேண்டிய அவசியம் அத்தனைக்கு அத்தனை குறையும்.

கடைசியாக, நாற்றுமேடையைப் பற்றிய ஒரு சங்கதி. மலைக்காட்டு மரங்களில் நாவல் இனங்களைப் போன்ற பலவற்றின் விதை, நெல்லைப்போலவோ கடுகைப்போலவோ உலர்த்திச் சேமித்து வைக்கக்கூடியதன்று, உலர்ந்தால் முளைக்காது. பழம் உதிர்ந்த சில நாட்களுக்குள் சதை நீக்கி ஈரமண்ணில் இடவேண்டும். ஆகையால் கொழும்பிலோ கண்டியிலோ ஒரு பெரிய நாற்றுமேடை அமைத்து அங்கிருந்து மலைநாடெங்கும் கன்று அனுப்பிவிடலாம் என்பது இம்மரங்களுக்குப் பொருந்தாது. காட்டுத் துண்டுக்கு நடந்துபோகும் தூரத்தில், தோட்டப் பிரிவுதோறும், நிழலும் ஓடைநீரும் உள்ள இடத்தில் சிறிய நாற்றுமேடைகள் வேண்டும். விதையை ஒதுக்கக் காடுகளிலிருந்து அனுமதியின்றி எடுத்தல் குற்றம். தோட்டத்துக்குள்ளேயே நிற்கும் பழமரங்களின் அடியில் விழுந்தவற்றை, தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் பொறுக்கலாம். தேயிலைக் கன்றுக்கு நாற்றுமேடை அமைத்து, பையில் மண் நிரப்பி, தண்டு நட்டு, நிழற்பந்தல் போட்டு, ஒன்று விடாமல் பிழைக்க வைக்கும் கைத்திறன் நமது பெண்களுக்குக் கைவந்த கலை. அதே கைத்திறன் காட்டுச் செண்பகத்துக்கும் கீனைக்கும் போதும். வேண்டிய இடத்தை ஒதுக்கித் தருமாறும், அந்த வேலைக்கும் ஒரு நாட்பேர், அதாவது ஒரு நாட்கூலி, போடுமாறும் தோட்ட நிர்வாகங்களை இச்சபையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். கொத்மலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்கள், வரும் பருவமழைக்கு முன்னே, தத்தம் பாடசாலைக்கு அருகிலுள்ள ஓடையின் இரு கரையிலும் இன்று என்னென்ன மரங்கள் நிற்கின்றன என்று மாணவரைக் கொண்டு ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்வார்களாயின், எங்கே எதை நடுவது என்பதை அடுத்த கூட்டத்தில் நாம் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே பேசலாம்.